சும்மா இருக்கும் நேரம்

மவுசைத் தொடக் கூடாது. தொட்டால் திரை விழித்துக்கொள்ளும், மதியத்திலிருந்து காத்திருந்தது வீணாகிவிடும், மறுபடி முதலிலிருந்து சும்மா இருக்க வேண்டும். மெஷினைச் சொல்கிறேன். என்னையும்தான். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேஜைக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். கை சும்மா இருக்கப் பழகியதில்லை, விரல்கள் புடவை ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விடுகின்றன. திரை இருட்டாக இருக்கிறது. கேபினெட்டின் மின்விசிறி சுற்றுகிறது, முகப்பில் நீல விளக்கு எரிகிறது. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளே நின்றுபோன மெஷினிலும் விசிறி சுற்றும், விளக்கு எரியும். தூங்குகிறதா போய்விட்டதா என்று வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். மவுசுக்குப் பக்கத்தில் போன் கிடக்கிறது. அதையும் தொடக் கூடாது. "பத்து நிமிசத்துக்கு ஒருக்கா போனைப் போட்டீன்னா நான் எங்க ரெஸ்ட் எடுக்கறது? டீ போட்டுட்டு நானே கூப்புடறேன், நீ போ" என்று காலையில் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார் என் வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டே சொன்னார். தாராபுரத்திலிருந்து கூட்டிவந்த பிறகு, யாரையும் துணைக்கு வைக்காமல் அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் கடைக்கு வருவது இன்றைக்குத்தான். சிரித்தது நல்லதற்கா என்று வடவள்ளியிலிருந்து காந்திபுரம் வரை பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். முன்பெல்லாம் அவர் சிரித்தால் சிரித்தார், அவ்வளவுதான். இப்போது அவர் சிரித்தாலும் யோசிக்க வேண்டியிருக்கிறது, சிரிக்காவிட்டாலும் யோசிக்க வேண்டியிருக்கிறது. டீக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பால் ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்று சொன்னேனா? சொன்னேன். சர்க்கரை டப்பா மேல் தட்டில். அது அவருக்குத் தெரியும், இருபது வருஷமாக அங்கேதான் இருக்கிறது. தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த மெஷின் நந்தகோபாலுடையது. கணபதி ஏரியாவில் வார்ப்பு அச்சு வடிவமைக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறார், பம்பு உறைகளுக்கு வரைபடம் போடுகிறவர். மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருக்கிறது. முதல் தடவை ராம் என்கிற மெமரி பட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தேன். இரண்டாம் தடவை பவர் சப்ளையை மாற்றினேன். நேற்று அவரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து படிக்கட்டில் மூச்சு வாங்க நின்றார். "ஏனுங்கம்மணி, இது வேலை செய்யறப்ப ஒரு தொந்தரவும் இல்லீங்க. நாள் பூரா போட்டு அடிச்சாலும் அசையாது. டீ குடிச்சுட்டு வந்து பாத்தா செத்துக் கெடக்குது. என்ற மச்சான் ஒருத்தன் இப்படித்தானுங்க. வேலை சொல்லிட்டே இருந்தா ஓடுவான், சும்மா உட்டா எங்கியாச்சும் காணாமப் போயிருவான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். என் முகம் எப்படிச் சிரித்தது என்று தெரியவில்லை. "சிகாமணியண்ணனுக்கு இன்னும் காமாலை தெளியலீங்களா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். தெளியுதுங்க, பத்தியச் சாப்பாடுதான், என்றேன். கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கச் சொன்னார். தலையாட்டினேன். பொய்க்கு வைத்தியம் கேட்டுக்கொண்டு நின்றேன். நாளைக்கு நாலரை மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன், இந்தத் தடவையும் நின்றால் வேறு கடை பார்த்துக்கொள்கிறேன், கோவிச்சுக்காதீங்க, என்றார். இதைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தது என் வீட்டுக்காரர். அவர் தாராபுரம் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம். அவர் கடைசியாகச் செய்த மெஷின். கடைசியாக என்று ஏன் வருகிறது வாயில். இதுவரைக்கும் கடைசியாக. அப்படித்தான் சொல்ல வேண்டும்.

காலையில் வந்ததும் பயாஸைத் திறந்தேன். மெஷின் கண் விழிக்கிற நொடியில் டெலீட் சாவியைத் தட்டினால் வருகிற திரை அது. பிராசஸர் சில்லு எந்த வேகத்தில் ஓட வேண்டும், மதர்போர்டு அதற்கு எவ்வளவு மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அவர் போட்ட எண்கள் அப்படியே இருந்தன. வேகம் கம்பெனி சொன்னதற்கு மேலே. அது வழக்கம்தான், நந்தகோபால் அதற்குத்தான் எங்களிடம் வந்தார். கம்பெனி போடுகிற கோடு எல்லாருக்கும் பொதுவாகப் போட்ட கோடு, ஒவ்வொரு சில்லுக்கும் நிஜமான கோடு வேறே, அது எங்கே இருக்கிறது என்று தாண்டிப் பார்த்தால்தான் தெரியும் என்பார். ஒவ்வொரு படியாக ஏற்றுவார். மெஷின் விழும். விழுந்த இடத்திலிருந்து இரண்டு படி கீழே இறக்கி நிறுத்துவார். "எங்க உளுகும்னு தெரிஞ்சுட்டா அப்பறம் பயமில்ல வேணி" என்பார். விழாத மெஷின் மேல்தான் அவருக்கு நம்பிக்கை கிடையாது. வேகத்தை ஏற்றுகிறவர்கள் எல்லோரும் மின்சாரத்தையும் ஏற்றுவார்கள். அவர் மட்டும் குறைப்பார். போர்டு கொடுப்பதில் எல்லா மட்டத்திலும் ஒரே அளவைக் கழித்துவிடு என்று ஒரு இடத்தில் எழுதலாம். அதில் எழுதியிருந்தார். குறைவாக வாங்கி நிறைய உழைக்கிற மெஷின், சூடு இல்லை, சத்தம் இல்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை. முழு வேகத்தில் ஓடும்போது போர்டு தாராளமாகக் கொடுக்கும், கொஞ்சம் கழித்தாலும் மீதி இருக்கும். வேலை இல்லாதபோது மிச்சம் பிடிப்பதற்காக போர்டு தானாகவே கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் குறைந்ததிலிருந்தும் அதே அளவைக் கழித்தால் என்ன மிஞ்சும்? ஓடுவதற்கு இருந்தது, ஓய்வெடுக்கத்தான் போதவில்லை. பழையபடி கம்பெனி எண்களுக்கே போய்விடலாம், ஒரே சாவியைத் தட்டினால் போதும். விரல் அதன் மேல் போய்விட்டுத் திரும்பி வந்தது. அதை அழுத்தினால் அவர் போட்டது எல்லாம் ஒரே அடியில் போய்விடும். கழித்த அளவை மட்டும் ஒரு படி குறைத்தேன். அது போதுமா என்று சும்மா விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அன்றைக்கும் சும்மாதான் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, கோழிக் குழம்பு, சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். அதற்கு முந்தின வருஷம் முழுக்க ஓட்டம். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பகலில் கடை, ராத்திரி வார்டு வராந்தா. அவர் போன பிறகு காரியங்கள். பிறகு கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறி ஸ்டாக் நனைந்து, கடையை இந்த மாடிக்கு மாற்றினது. எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்காரர்தான். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார், தூக்கத்தைக் குறைத்துக்கொண்டார், எனக்கு இது போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நாங்களும் போதும் போல என்று விட்டுவிட்டோம். எல்லாம் முடிந்து அமைதியான முதல் ஞாயிறு அது. நான் கண் விழித்தபோது பக்கத்துப் பாய் காலியாக இருந்தது. போன் ஃப்ரிட்ஜுக்கு மேலே. செருப்பைக் காணவில்லை. கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன், ராத்திரி வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் போய், அதற்கு மறுநாள் தாராபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு டீக்கடைக்காரர் கூப்பிட்டார். உங்க ஊட்டுக்காரருங்களா, நேத்துப் பொழுதுக்கும் இங்கியே உக்காந்திருக்காருங்க, கேட்டா நெம்பர் மட்டும் சொல்றாரு. தாராபுரத்தில் எங்களுக்கு யாரும் கிடையாது. பஸ் ஊருக்குள் நுழையும் முன்னால் அமராவதி ஆற்றுப் பாலம் ஏறியது. நான் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து "வந்துட்டியா" என்றார், கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனால் கேட்கிற மாதிரி. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் காலைத்தான் பார்த்தேன். பேன்ட் முழங்கால் வரைக்கும் நனைந்து காய்ந்திருந்தது, காய்ந்த இடத்தில் சேறு வெள்ளையாக உதிர்ந்துகொண்டிருந்தது. வழி நெடுக அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். முழங்காலுக்குச் சற்று மேலே, இரண்டு காலிலும் ஒரே உயரத்தில், அளந்த மாதிரி. மழை பெய்திருக்கும். தாராபுரத்தில் அந்த வாரம் மழை இல்லை. வாய்க்காலில் கால் கழுவ இறங்கியிருப்பார். கால் கழுவுகிறவன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொள்ள மாட்டானா. வீட்டுக்கு வந்து அதை ஊறப்போட்டுத் துவைத்துக் காயப்போட்டு மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். கேட்கவில்லை. டாக்டர் எதையெதையோ கேட்டார், எப்போ தூங்குவார், முன்னால் இப்படி ஆயிருக்கா. பேன்ட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. துவைத்துவிட்ட பிறகு அது என் கண்ணில் மட்டும்தான் இருக்கிறது. நான் தப்பாகப் பார்த்திருக்கவும் கூடும். கூடுமா?

டாக்டர் ரெஸ்ட் கொடுங்கள் என்றார். நாத்தனார் ருக்குமணி போனில் கத்தினாள். "ரெஸ்டாம் ரெஸ்ட்! சும்மா உக்கார வெச்சுத்தானடி இப்படி ஆச்சு. எதையாச்சும் கையில குடுத்துட்டே இரு, நெனைக்க உடாத." நான் இரண்டு பேர் சொன்னதையும் செய்தேன். காலையில் ரெஸ்ட், மத்தியானம் பூண்டு உரிக்கக் கொடுத்தேன், பழைய ஸ்க்ரூ டப்பாவைக் கொட்டிப் பிரிக்கச் சொன்னேன், ரேஷன் கடைக்கு நான் தெருமுனையில் நிற்க அவரை அனுப்பினேன். எது கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்தார். பூண்டு ஒன்றில்கூடத் தோல் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வேலை செய்யும்போது அவருக்கு எப்போது என்ன ஆயிற்று? மெஷினுக்கும் அப்படி ஓயவே விடாத வழி இருக்கிறது. மிச்சம் பிடிக்கிற வசதியை மொத்தமாக அணைத்துவிட்டால் முடிந்தது, இறங்கவே இறங்காது, அதனால் இறங்கும்போது நிற்காது. இந்தத் தெருவில் பாதிக் கடைகளில் அதைத்தான் செய்து கொடுப்பார்கள். ராப்பகலாக விழித்துக்கொண்டே கிடக்கும். சூடாகும், நாலு வருஷம் உழைக்க வேண்டியது இரண்டில் போகும், ஆனால் புகார் வராது. மனுஷனையும் மெஷினையும் ஒன்றாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ருக்குமணி வீட்டுக்காரர் அவரைப் பார்க்க வந்து, "என்ன மாப்ள, ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணுனா சரியாப் போவுது" என்றபோது காபியைக் கையில் கொடுக்காமல் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மெஷினைத் திறந்து பார்க்கலாம், எண் இருக்கும், எண்ணை மாற்றலாம். இது தெரியாதவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். தெரிந்தும் நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மெஷினைக் கடையிலிருந்து அனுப்புமுன் முழு வேகத்தில் ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்ப்போம், அது எல்லாக் கடையிலும் உண்டு. சும்மா விட்டுப் பார்ப்பது யாருக்கும் வழக்கமில்லை. ஒன்றும் செய்யாததை உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது. "என்னக்கா, கம்ப்யூட்டருக்குக் காவலா?" ஷட்டருக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்க்கிறாள் பக்கத்து ஜெராக்ஸ் கடை ஜரீனா. "கைக்குழந்தையத் தூங்கவெச்சுட்டு உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க. மூச்சு வருதான்னு வெரல வெச்சுப் பாக்கறதுதானே?" சிரித்துக்கொண்டே அவள் மேஜைக்கு வந்து மவுசை நோக்கிக் கையை நீட்ட, "தொடாத!" என்று கத்திவிட்டேன். கையை உதறி இழுத்துக்கொண்டாள். "அய்யோ, என்னக்கா நீங்க, பயந்தே போயிட்டேன்." "இல்லடா, டெஸ்ட் ஓடுது." "ஓடலையே, சும்மாதான இருக்கு." ஆமாம், சும்மாதான் இருக்கிறது. "வானம் கறுத்துட்டு வருது பாருங்க, மருதமலைப் பக்கம் இப்பவே ஊத்துதாம். எங்க வூட்டுல சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

மருதமலைப் பக்கம் என்றால் எங்கள் வீட்டுப் பக்கம். துணி மொட்டை மாடியில் காய்கிறது. காலையில் நானே கொண்டுபோய்ப் போட்டேன், அவர் சட்டைகள், அந்த பேன்ட் இல்லை, வேறு பேன்ட். போட்டுவிட்டு இறங்கி மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டேன். அவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பைக்குள் சாவி விழுந்த சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி பேப்பரைப் பார்த்தார். பையைத் தொட்டுப் பார்க்கிறேன், சாவி இருக்கிறது. மழை வந்தால் துணியை எடுக்க எழுந்து போவார், அது அவர் வழக்கம், தெருக்கோடியில் இருந்தாலும் ஓடி வந்து எடுப்பார். படியேறிப் போய்ப் பூட்டைப் பார்ப்பார். பூட்டுக்கு முன்னால் நின்று என்ன நினைப்பார். ரெஸ்ட் எடுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைப்பாரா. நினைத்தால் தப்பு ஒன்றும் இல்லை. டீ நேரம் தாண்டிவிட்டது. தாண்டிவிட்டதா, அல்லது இருட்டிவிட்டதால் அப்படித் தெரிகிறதா. மெஷின் உள்ளே இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்க ஒரு வழி இருக்கிறது, அவர் சொல்லிக்கொடுத்தது. கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டு, விளக்கு மாறினால் இருக்கிறது, மாறாவிட்டால் இல்லை. ஆனால் தட்டுவதும் தொடுவதுதான், தட்டியதும் எழுந்துவிடும். எழுப்பாமல் கேட்க வழியே இல்லை. முன்பு மிஸ்டு கால் கொடுப்போம், ஒரு மணி அடித்து வைத்துவிட்டால் பஸ் ஏறிவிட்டேன் என்று அர்த்தம், அவர் அந்தப் பக்கம் வெட்டினால் சரி என்று அர்த்தம். ஒரே ஒரு மணி. அது தொந்தரவில் சேராது. கை போனுக்குப் போகிறது. போய்ச் சேருமுன் போனே அதிர்கிறது, மேஜைமேல் நகர்கிறது, நகர்ந்து மவுசில் இடிக்கப் போகிறது, பிடித்துக் காதில் வைக்கிறேன். "வேணி, மாடிச் சாவி எங்க? துணி நனையுது." குரலுக்குப் பின்னால் மழை, தகரத்தில் கொட்டுகிற மாதிரி. என்கிட்ட இருக்குங்க, என்கிறேன். எடுத்துட்டு வந்துட்டேன், மறந்துபோய், என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறேன். "தெரியும். நீ பையில போட்டதப் பாத்தேன். வேறொண்ணு இருக்குமேன்னு கேட்டேன்." இல்லை என்கிறேன். "சரி, நனையட்டும் உடு." நனையட்டும். இதற்கு மேல் அவர் டீ போட்டதைச் சொல்வார், நான் சரி என்பேன், அவர் வைத்துவிடுவார், நான் மறுபடி இந்த ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கையும் விசிறியையும் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கும், நாளைக்கும். "ஏனுங்க," என்கிறேன். சொல்லு, என்கிறார். "தாராபுரத்துல. உங்க பேன்ட் எப்படி நனைஞ்சுது?" மழை மட்டும் கேட்கிறது. நிமிர்ந்து பார்க்கிறேன், நீல விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது. கேட்டிருக்கக் கூடாது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு கேட்டிருக்கலாம். "ஆத்துல எறங்குனேன்" என்கிறார். "முழங்காலுக்குத்தான் தண்ணி இருந்துச்சு வேணி. நடு ஆத்து வரைக்கும் போனேன். அங்கியும் முழங்காலுக்குத்தான் இருந்துச்சு. அப்பறம் ஏறி வந்துட்டேன்." மூச்சு விடுகிறார். "நீ கேப்பேன்னு பாத்தேன். பஸ்ஸுல அதையவே பாத்துட்டு வந்தியே."

எழுந்திருக்கிறேன். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுகிறது. பையைத் தோளில் மாட்டும்போது முழங்கை மேஜையில் இடிக்கிறது, மவுஸ் நகர்ந்ததா தெரியவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வருகிறேன். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "வெச்சிராதீங்க," என்கிறேன், "நான் வர்ற வரைக்கும் வெச்சிராதீங்க." "பஸ்ஸுல வர்ற நேரம் பூராவா?" "ஆமா. பேசலைன்னாலும் பரவால்ல. சும்மா புடிச்சுட்டு இருங்க." படிக்கட்டில் நந்தகோபால் ஏறி வந்துகொண்டிருக்கிறார், தலையில் கர்சீப், சட்டை தோளில் நனைந்து ஒட்டியிருக்கிறது. "என்னங்கம்மணி, கெளம்பிட்டீங்க? மெஷின் என்னாச்சுங்க, மறுபடி நின்னுபோச்சுங்களா?" "தெரியலீங்க" என்கிறேன். இந்தக் கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் அப்படிச் சொன்னதில்லை. அவர் வாயைத் திறந்தபடி சுவரோரம் ஒதுங்கி வழி விடுகிறார். தெருவில் மழை இப்போதுதான் வலுக்கிறது, பெரிய பெரிய துளிகளாக. பஸ் ஸ்டாப்பை நோக்கி நடக்கிறேன், ஒரு கையில் போன், இன்னொரு கையைப் பைக்குள் விட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டு. இருக்கீங்களா, என்கிறேன். அந்தப் பக்கம் மழை. "இருக்கேன்" என்கிறார். "நீ மெதுவா வா. வழுக்கும்."